தணிப்பு போடாத பிள்ளை

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று வெள்ளோடை நகராட்சி நடுநிலைப் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் கேசரி கிண்டி வைத்திருந்தார்கள். நகராட்சியின் சமுதாய அமைப்பாளர் இந்திராணி, புதுச் சீருடைகளையும் பைகளையும் மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து கேட்டருகே நின்றாள். மீனவர் தெருவிலிருந்து வரும் பாதை வெறிச்சென்று கிடந்தது. ஒரே ஒரு அம்மா மட்டும் தன் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கம்பெனி மதில் தெரியும் திருப்பம் வந்ததும் பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள். பிறகு அவன் கால்சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தாள். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள்.

காரணம் ஊருக்கே தெரியும். பள்ளியின் பின்மதிலை ஒட்டி இறால் கம்பெனி இருந்தது. ஏற்றுமதிக்குப் போகும் இறாலை உறையவைக்கும் குளிர் அறைகளுக்கு அம்மோனியா வாயு வேண்டும். மாசி மாதத்தில் ஒரு நாள் அந்தக் குழாய்களில் ஒன்று பிளந்தது. காற்று பள்ளியின் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. பின்பக்க வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகளில் சிலர் உயிரோடு வெளியே வரவில்லை. வந்தவர்கள் கண் எரிந்து, தொண்டை வெந்து, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார்கள். விசாரணை முடியும்வரை கம்பெனியை மூடிவைத்தார்கள்.

உடம்பு தேறிவிட்டது. பயம் தேறவில்லை. பிளீச்சிங் பவுடர் நெடி பட்டாலே வாந்தி எடுத்தார்கள். கழிப்பறைக்குள் போக மறுத்தார்கள். தூக்கத்தில் எழுந்து கதவைப் பிறாண்டினார்கள்.

நகராட்சி ஆணையர் முப்பது வயதைத் தாண்டாதவர். கெட்டவர் இல்லை. விபத்து நடந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தவர். இந்திராணி அவர் அறைக்குப் போய், கம்பெனியை அங்கிருந்து எடுக்க என்ன வழி என்று கேட்டாள்.

"அவங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க மேடம். ஊர்ல பாதிப் பொம்பளைங்களுக்கு அங்கதான் வேலை, அவங்களே ஒரேயடியா மூடக்கூடாதுன்னு வந்து நிக்கிறாங்க. பள்ளிக்கூடத்த மாத்தலாம்னா நமக்கு வேற இடம் கிடையாது, சுத்தி எல்லாம் உப்பளம். இது ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள இந்தப் பிள்ளைங்க படிப்பு போயிடும். பசங்க மீன் பிடிக்கப் போட்டுல ஏறிடுவானுங்க, பொண்ணுங்க இறால் உரிக்கப் போயிடும். அதுக்காகத்தான் இவரை வரவழைச்சேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் ரகுநந்தன் மெதுவாகப் பேசுகிற மனிதர். பெரிய ஊர் ஒன்றில் ரயில் விபத்தில் தப்பியவர்களுக்கு வைத்தியம் பார்த்தவராம்.

"பயம் மூளையில ஒரு சின்ன இடத்துல உக்காந்திருக்கு மேடம். பாதாம் பருப்பு அளவுதான். அந்த நெடி பட்டதும் அது மணி அடிக்குது. நாங்க பிள்ளை தலையில ஒரு பட்டை கட்டுவோம், மூக்குல சொட்டு மருந்து விடுவோம், அதே நெடியை லேசா, ஆபத்தில்லாம காட்டுவோம். மணி அடிக்க ஆரம்பிக்கும்போதே பட்டை அதை அமுக்கிடும். திரும்பத் திரும்பச் செஞ்சா மூளை கத்துக்கும், இது ஒண்ணுமில்லாத நெடின்னு."

"நடந்தது மறந்துடுமா?"

"மறக்காது. எல்லாம் ஞாபகம் இருக்கும். நடுக்கம் மட்டும் இருக்காது."

இந்திராணிக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் மனதில் அப்போது அந்தப் பையனின் நனைந்த கால்சட்டைதான் நின்றது.

'மீண்டும் பள்ளிக்கு' என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். பிள்ளைக்குச் சீருடை, பை, செருப்பு, காலைச் சாப்பாடு, வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிப்போக வேன். இவற்றோடு டாக்டரின் சிகிச்சை; அதற்குத் தணிப்பு என்று பெயர். டாக்டரின் வெள்ளை வேன் மாரியம்மன் கோயில் திடலில் நின்றது. போலியோ சொட்டு மருந்து போல அது ஊரில் பழகிப்போயிற்று. குழாயடியில் பெண்கள், "உம்புள்ளைக்குத் தணிப்பு போட்டாச்சா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். இந்திராணி வீடு வீடாக ஏறி இறங்கினாள். யாரும் அதிகம் மறுக்கவில்லை. இரவெல்லாம் பிள்ளையின் அலறலைக் கேட்டுக் களைத்துப்போனவர்கள் என்ன மறுப்பார்கள்.

தேசிங்கு மறுத்தான்.

முகத்துவாரத்தை ஒட்டிய கடைசி வீடு அவனுடையது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். மனைவி செந்தாமரை இறால் கம்பெனியில் வேலை செய்தவள். ஒரே மகள் மிதுனா, நான்காம் வகுப்பு. மாசி மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்வேஷ் செத்துப்போனான். இந்திராணி போனபோது அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். முகம் தெரியவில்லை. அம்மாவின் பழஞ்சேலை நுனியை வாயில் திணித்துக்கொண்டு மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"புள்ள பயப்படுறது ஒரு நோவா மேடம்?" என்று கேட்டான் தேசிங்கு.

"நோவு இல்ல தம்பி. ஆனா எப்படித் துடிக்கிறாள்னு பாருங்க."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அவ பயப்படுறதுக்கு அங்க ஒண்ணு இருக்குதுல்ல, அது பொய்யில்லையே. அத எடுக்க முடியல, அதனால இவகிட்ட இருக்கறத எடுக்குறீங்க. எது லேசோ அது."

செந்தாமரை அடுப்படியிலிருந்து வந்தாள். "இவரு பேசுவாரு. ராவெல்லாம் புள்ளையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறவ நானு. நீங்க போட்டு வுடுங்கக்கா."

"போட்டா நா இந்த வூட்டுல இருக்க மாட்டேன்" என்றான் தேசிங்கு. குரலை உயர்த்தவில்லை.

இந்திராணி திரும்பத் திரும்பப் போனாள். கெஞ்சினாள். வேனும் சாப்பாடும் தணிப்பு போட்ட பிள்ளைகளுக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தாள். சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு கசந்தது. தேசிங்கு அசையவில்லை.

மற்றப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் பள்ளி நிறைந்தது. வாந்தி நின்றது, கதவைப் பிறாண்டுவது நின்றது. கம்பெனி மதிலில் கரிக்கட்டையால் ஸ்டம்பு வரைந்து கிரிக்கெட் ஆடினார்கள். தாய்மார்கள் இந்திராணியைத் தெருவில் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள்.

முதலில் உறுத்தியது அமுதாவின் வருகை. அவள் செத்துப்போன சர்வேஷின் அம்மா. ஒரு மாலை நகராட்சி அலுவலகத்துக்கு வந்து, இந்திராணியின் எதிரே உட்கார்ந்தாள்.

"பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு புள்ளைங்ககிட்ட கேட்டேங்க. எம்புள்ள கடைசியா என்ன சொன்னான், எப்படி இருந்தான்னு. முன்னெல்லாம் கேட்டா அழுதுக்கிட்டு ஓடிடும்ங்க. இன்னைக்கு எல்லாம் சொன்னாங்க. ஒண்ணு வுடாம சொன்னாங்க. எப்படித் துடிச்சான், வாயில என்ன வந்துச்சு, எந்தப் பெஞ்சுக்கு அடியில வுழுந்தான்னு. ஒருத்தன் நடிச்சிக் காட்டுனான். ஒண்ணாப் படிச்ச புள்ளைங்க. எம்புள்ளைக்காக ஒண்ணுங்கூட அழலீங்க."

இந்திராணி டாக்டரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயமும் துக்கமும் ஒரே நூல்ல கட்டியிருக்கு மேடம். ஒண்ண மட்டும் அவுக்க முடியல" என்றார்.

அடுத்து வந்தது வாயுக் கசிவு பற்றிய விசாரணை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பள்ளியில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கேட்டார். பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல் தெளிவாகச் சொன்னார்கள். கம்பெனியின் வக்கீல் எழுந்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "ஐயா பார்க்கிறீர்கள். பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள். பள்ளி நிறைந்திருக்கிறது. ஊரில் அச்சமில்லை." நீதிபதி பின்மதிலில் வரைந்திருந்த ஸ்டம்பைப் போய்ப் பார்த்தார். புரட்டாசியில் கம்பெனி மறுபடி திறந்தது.

பள்ளிச் சுவரில் வாயுவைக் கண்டால் அலறும் கருவி ஒன்றைக் கம்பெனி செலவில் மாட்டினார்கள். குழாய்களில் தினமும் சிறிது கசிவு இருந்தது. கருவி தினமும் அலறியது. பாடம் நடத்த முடியவில்லை என்று ஆசிரியர்கள் முறையிட, சத்தத்தைக் குறைத்தார்கள். மழை தொடங்கியபின் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து அது அலறுவதை முழுக்க நிறுத்தியது. யாரும் கவனிக்கவில்லை. மெல்லிய நெடி ஒன்று எப்போதும் இருக்கும் என்று ஆசிரியர்களும் பழகிக்கொண்டார்கள்.

கம்பெனி திறந்ததும் செந்தாமரை வேலைக்குப் போனாள். மிதுனா தானாகவே ஒரு நாள் பள்ளிக்குப் போக வேண்டுமென்று சொன்னாளாம். கூட விளையாடியவர்கள் எல்லாம் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுவார்களே என்று கேட்டாளாம். தேசிங்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். திருப்பத்தில் அவள் அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஆனாலும் இறங்கவில்லை.

எஸ்தர் டீச்சர் அவளுக்குச் சன்னலோரம் இடம் கொடுத்தாள். சன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியில் தேசிங்கு உட்கார்ந்துகொண்டான். கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். அவள் ஒரு வரி எழுதுவாள், வெளியே அப்பாவைப் பார்ப்பாள், மூக்கைச் சுருக்கி முகர்வாள், மறுபடி ஒரு வரி எழுதுவாள். மற்றப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளைப்போலவே முகர்ந்து காட்டிச் சிரித்தார்கள். அவர்களிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அவள் என்ன செய்கிறாள் என்று அவர்களுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் இந்திராணி காலைச் சாப்பாட்டைப் பார்வையிடப் பள்ளிக்கு வந்திருந்தாள். வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது நான்காம் வகுப்பில் ஒரு பெஞ்சு விழும் சத்தம் கேட்டது. மிதுனா வெளியே பாய்ந்து வந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இந்திராணியின் இடுப்பில் மோதி விழுந்து, எழுந்து, கேட்டை நோக்கி ஓடினாள். அவளைப் பிடிக்க எஸ்தர் டீச்சர் பின்னால் ஓடிவந்தாள். பாதி வழியில் நின்றாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வழக்கமான நெடிதான். ஆனால் அது வளர்ந்துகொண்டே இருந்தது.

"வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டு எஸ்தர் தன் வகுப்புக்குள் ஓடினாள். பிள்ளைகள் அவளை வியப்போடு பார்த்தார்கள். கையைப் பிடித்து இழுத்தால் எழுந்தார்கள், விட்டால் மறுபடி உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொருவராக வெளியே தள்ளி, திரும்பி உள்ளே வராதபடி வாசலை மறித்து நின்றாள்.

அடுத்த அறையில் அன்று ஆசிரியர் இல்லை. தேசிங்கு மகளைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, துண்டை மழைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போனான். இந்திராணி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் எழுதியிருந்த கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணிலிருந்தும் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. இருமினார்கள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எழுதினார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி தலையை டெஸ்க்கில் சாய்த்திருந்தாள். இந்திராணி ஒரு பையனைத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பெல் அடிக்கல மிஸ்" என்றான் அவன்.

தேசிங்கு எத்தனை முறை உள்ளே போய் வந்தான் என்று யாரும் எண்ணவில்லை. கடைசியாக வந்தபோது முகத்தில் துண்டு இல்லை. ஒரு பிள்ளையின் முகத்தில் அதைக் கட்டியிருந்தான். தலையைச் சாய்த்திருந்த சிறுமியை இந்திராணிதான் தூக்கி வந்தாள். நிவேதா என்று பெயர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேனில், இந்திராணியின் மடியிலேயே அவள் மூச்சு நின்றது. கடைசிவரை அந்த முகத்தில் கலக்கமே இல்லை. அதைத்தான் இந்திராணியால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவளால் பாத்திரம் துலக்கும் பொடியைக்கூடக் கையில் எடுக்க முடியாமல் போயிற்று. கழிப்பறைக்குள் போகுமுன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டாக்டர், "உங்களுக்கும் போட்டுடலாமா மேடம்?" என்று கேட்டார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

தேசிங்கு பிழைத்தான். ஆனால் நுரையீரல் வெந்துபோயிருந்தது. வீட்டு வாசலுக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. இனி கடலும் இல்லை, புங்கமரத்தடியும் இல்லை.

இதற்குள் ஊருக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தப்பியதற்கு ஒரே காரணம் அந்த வகுப்பில் மிதுனா இருந்தது. பெற்றோர் கூட்டமாக வந்து ஆணையரைப் பார்த்தார்கள். கம்பெனியை மூடச் சொல்லி வரவில்லை. கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள்தானே பாதிப் பேர். மிதுனாவைத் தங்கள் பிள்ளையின் வகுப்பிலும் உட்காரவைக்க வேண்டுமென்று கேட்டு வந்தார்கள்.

நகர்மன்றம் கூடித் தீர்மானித்தது. மிதுனாவை வராந்தாவின் நடுவில், எல்லா வகுப்பறைகளிலிருந்தும் தெரியும்படி உட்காரவைப்பது. அவள் குடும்பத்துக்கு நகராட்சிக் குடியிருப்பில் வீடு, அப்பாவுக்கு ஆயுள் முழுக்க வைத்தியம். ஒரே நிபந்தனை, அவளுக்குத் தணிப்பு போடக்கூடாது. மூடியிருந்த பள்ளி மறுபடி திறந்த நாளில், 'குடும்பங்களுக்கு உதவி' என்ற தலைப்பில் இந்தத் தீர்மானமும் அறிவிப்பில் வந்தது.

வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு மிதுனாவை உட்காரவைத்தார்கள். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாளெல்லாம் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் ஓடினால் ஓட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் தும்மினாள். பள்ளி முழுக்க எழுந்து ஓடியது. அதன்பின் அவள் தும்மவும் பயந்தாள். தன் உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பாள், தட்டில் போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பாள். மயங்கி விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்திராணி பழம் வாங்கிக்கொண்டு புது வீட்டுக்குப் போனபோது தேசிங்கு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"எக்கா. அவளுக்கு அதப் போட்டு வுட்டுடு."

இந்திராணி பழப்பையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நீ சொன்னப்ப நா கேக்கல. நா பக்கத்துல இருப்பேன்னு நெனச்சிக்கிட்டுச் சொன்ன பேச்சுக்கா அது. இப்ப என்னால கேட் வரைக்கும் போக முடியல. அங்க தனியா உக்காந்திருக்கு புள்ள. ஊரே அது மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்குது. அதுக்கு எட்டு வயசுதான் ஆவுது."

செந்தாமரை மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மிதுனாவின் கண்கள் திறந்தே இருந்தன. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"போட்டுட்டா, வூட்ட விட்டுப் போகச் சொல்லிடுவாங்க" என்றாள் இந்திராணி.

"போறோம். இது எங்க வூடா?" என்றாள் செந்தாமரை.

இந்திராணி ஆணையரிடம் போனாள். அவர் எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டு பேசினார். "எனக்கும் மனசு கேக்கல மேடம். ஆனா ஒரு பிள்ளையோட பயம், இத்தனை பிள்ளைங்க உயிர். நீங்களே சொல்லுங்க, நிவேதாவை நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க."

"நான்தான் சார் தூக்கிட்டு வந்தேன். அதுக்கு முன்ன, தணிப்பு போட வேனுக்கு அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனதும் நான்தான்."

"அப்ப என்ன செய்யலாம்னு சொல்றீங்க?"

"பயப்படுறது பெரியவங்க வேலை சார். அதப் போய் ஒரு குழந்தைகிட்டக் குடுத்து வச்சிருக்கோம்."

அவர் அனுமதி தரவில்லை.

மறுநாள் இந்திராணி மிதுனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் திடலுக்குப் போனாள். டாக்டர் ரகுநந்தன் பிள்ளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேன் கதவை உட்பக்கம் சாத்தினார். "அனுமதி இருக்கான்னு நான் கேக்கல. பிள்ளைய அமைப்பாளர் கூட்டிட்டு வந்தா நான் போட்டாகணும், அதுதான் திட்டம்" என்றார். பட்டையை எடுத்துக் கட்டினார்.

விஷயம் வெளியே தெரிவதற்குள் சிகிச்சை முடிந்துவிட்டது. கடைசி நாளன்று பட்டை தலையில் இருக்கும்போதே மிதுனா தூங்கிப்போனாள். செந்தாமரையின் மடியில் அன்று மாலைவரை தூங்கினாள். எழுந்து தோசை கேட்டாள். அப்பா இருமுவதைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தெருவில் விளையாடப் போனாள். தேசிங்கு அவள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் இருந்தது நிம்மதியா வேறொன்றா என்று இந்திராணியால் சொல்ல முடியவில்லை.

ஊர் திரண்டுவந்து இந்திராணி வீட்டின் முன்னால் நின்றது. சில மாதம் முன்னர் கையைப் பிடித்துக்கொண்ட அதே பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

"எம்புள்ளைங்களுக்கு இனிமே யாரு சொல்லுவா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள் இந்திராணி. "அங்க பயப்பட இனிமே ஒரு பிள்ளையும் இல்ல. அதனால அனுப்பாதீங்க. நீங்க அனுப்பலைன்னா கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு பதில் சொல்லவேண்டி வரும். என்னைத் திட்டிக்கிட்டே வேணும்னாலும் அனுப்பாம இருங்க."

கூட்டம் அமைதியாகக் கேட்டது. அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்தது.

ஆனால் திங்கட்கிழமை வேன் வந்தது. பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு நின்றார்கள். அம்மாக்களுக்குக் காலை ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. பிள்ளையை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. ஏற்றிவிட்டார்கள். நகராட்சி இந்திராணியைப் பணி இடைநீக்கம் செய்திருந்தது. தேசிங்கு குடும்பம் முகத்துவாரத்து வீட்டுக்கே திரும்பிவிட்டது. மிதுனாவும் வேனில் ஏறினாள், பாட்டுப் பாடிக்கொண்டு.

இந்திராணி நடந்து போனாள். கம்பெனி மதில் தெரிந்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு ஒழுங்கானதும் மேலே நடந்தாள். எஸ்தர் டீச்சர் அவளை உள்ளே விட்டாள். வராந்தாவில் இருந்த அந்த நாற்காலி சிறு பிள்ளைகளுக்கானது. அதில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். காற்று பின்மதில் பக்கமிருந்து வந்தது.

அன்றுமுதல் தினமும் அவள் அங்கே வந்து உட்கார்ந்தாள். போகச்சொல்லி ஆணையரிடமிருந்து ஆள் வரவில்லை. ஒருவேளை அவருக்கும் அது தோதாக இருந்ததோ என்னவோ.

ஒரு நாள் இடைவேளையில் மிதுனா அவள் அருகே வந்து நின்றாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கையில் கடித்த கொய்யாப்பழம் இருந்தது. இந்திராணியின் விரல்களைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஏன் மிஸ் ஒங்க கை இப்படி ஆடுது?"

"பயமா இருக்குடா."

மிதுனா பள்ளியைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். மதிலைப் பார்த்தாள், அதற்குமேல் தெரிந்த குழாய்களைப் பார்த்தாள். கொய்யாவை இன்னொரு கடி கடித்தாள்.

"எதுக்கு மிஸ்?" என்றாள்.